காம்போடு பறியுங்கள்: குடும்பத்தோடு மாந்தோப்புக்குப் போகிறவர்களுக்கு

மாங்காயைக் காம்போடு பறிக்க வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். மீதியை நான் ஏழு வருடமாகப் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். என் பெரியப்பாவின் தோப்பு போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் முக்கால் மணி நேரம். வருடா வருடம் மே மாதத்தில் ஒரு நாள் நானும் வீட்டுக்காரரும், என் மாமியாரும், இரண்டு பிள்ளைகளும் கிளம்பிவிடுவோம். பெரியவளுக்கு இப்போது 11 வயது, சின்னவனுக்கு 6. சில வருடம் அக்கா குடும்பமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் கேட்க வேண்டியது: காய் யாருடையது?

தோப்பு சொந்தக்காரருடையது என்பதால் காயும் அவருடையது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் நிறைய தோப்புகளைப் பூ எடுக்கும் தை, மாசியிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகை எடுத்தவர் பூவைப் பார்த்து ஒரு தொகை பேசிக் கொடுப்பார். அதற்குப் பிறகு மழை பெய்தாலும், காற்று அடித்தாலும், காய் உதிர்ந்தாலும் லாப நஷ்டம் அவருடையது. காவலுக்கு ஆள் வைப்பது, மருந்து அடிப்பது எல்லாமே பெரும்பாலும் அவர் பொறுப்புதான்.

நாங்கள் முதல் முறை போன வருடம் எனக்கு இது தெரியாது. பெரியப்பா தோப்பு என்ற உரிமையில் இரண்டு கூடை அல்போன்சா பறித்தோம். வேலியோரம் ஒருவர் துண்டைத் தோளில் போட்டபடி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவர்தான் அந்த வருடக் குத்தகைக்காரர் என்று சாயங்காலம் பெரியப்பா சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். இருந்தாலும் அவர் வாய்விட்டுக் கேட்க முடியாமல் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போன் போட்டு மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் தோப்பு யார் கையில் இருக்கிறது? கடைசியாக மருந்து அடித்தது எப்போது? எந்த மரத்தில் பறிக்கலாம்? மருந்தைப் பற்றிக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். குழந்தைகள் கிளையைப் பிடிப்பார்கள், காயைக் கழுவாமல் கடிப்பார்கள். அடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்று சொன்னால் நான் நாளைத் தள்ளிப் போட்டுவிடுவேன். எத்தனை நாள் விட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், டப்பாவிலேயே போட்டிருக்கும். அடித்தவருக்கும் தெரியும்.

விலையையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். தோப்பில் நின்று பேரம் பேச வேண்டாம். பறித்த காய் எல்லாம் உங்களுடையது, பிஞ்சைத் தெரியாமல் பறித்துவிட்டாலும் அதையும் எடை போட்டுப் பணம் கொடுத்துவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லிவிடுவோம். "நீ பறிச்சது நீதான் வாங்கணும்" என்று சொன்ன பிறகு, சின்னவன் ஒவ்வொரு காயையும் அண்ணாந்து பார்த்து யோசித்துத்தான் கையை நீட்டுகிறான்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியில் செந்தூரா வர ஆரம்பிக்கும். மே மாதம் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும். மே கடைசியிலிருந்து ஜூன் வரை இமாம் பசந்த், மல்கோவா. பெங்களூரா என்று நாங்கள் சொல்கிற கிளிமூக்கு மாங்காய் ஜூனில் மும்முரமாக இருக்கும், அதில் பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போய்விடும். நீலம் கடைசியாக வரும், ஜூலையிலும் கிடைக்கும். குழந்தைகளோடு போக மே மூன்றாவது வாரம்தான் நல்லது என்பது என் அனுபவம். பள்ளி விடுமுறை, மூன்று நான்கு ரகம் ஒரே நேரத்தில் மரத்தில் இருக்கும். கத்திரி வெயில் உச்சியில் இருக்கும் என்பது மட்டும்தான் குறை.

மாமரம் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்க்காது. ஒரு வருடம் கொட்டினால் மறு வருடம் ஓய்வெடுக்கும் மரங்கள் நிறைய. அல்போன்சாவும் மல்கோவாவும் அப்படித்தான், நீலம் ஏமாற்றாது. போன வருடம் பறித்த மரத்தையே பிள்ளைகள் தேடிப் போய் நின்று, ஒரு காயும் இல்லையென்று வாடிப் போனால் இதைச் சொல்லுங்கள். என் மாமியார், "பிள்ளை பெத்தவளுக்கு ஓய்வு வேண்டாமா?" என்று ஒரே வரியில் சின்னவனுக்குப் புரியவைத்துவிட்டார்.

முந்தின நாள் இரவு மழை பெய்திருந்தால் போக வேண்டாம். நனைந்த காய் வீட்டுக்கு வந்த பிறகு காம்புப் பக்கம் கறுத்து அழுகும். ஆனால் கோடைக் காற்று அடித்த மறுநாள், உதிர்ந்த காய் மலிவாகக் கிடைக்கும். ஊறுகாய்க்கு அதுதான் சமயம்.

காலை 5 மணிக்குக் கிளம்பி 7 மணிக்குள் தோப்பில் இருப்போம். ஆனால் போனதும் தொரட்டியைத் தூக்குவதில்லை. விடியலில் காய்க்குள் பால் முறுக்காக இருக்கும், கொஞ்சம் வெயில் ஏறினால் அதன் வேகம் குறையும். அதனால் தோப்பைச் சுற்றி நடந்து, இட்லியைச் சாப்பிட்டு, எட்டரை வாக்கில்தான் பறிக்க ஆரம்பிப்போம். பத்தரைக்கு நிறுத்திவிட வேண்டும். இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்குத் தாராளம்.

எடுத்துப் போக வேண்டியவை

பழைய பருத்தித் துணி, முழுக்கை. மாம்பால் பட்ட கறை எந்த சோப்புக்கும் போகாது. செருப்பு வேண்டாம், மூடின ஷூ போடுங்கள். மரத்தடியில் சருகு முழங்கால் வரை குவிந்திருக்கும் இடங்கள் உண்டு, அதற்குள் என்ன படுத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சருகுக்குள் விழுந்த காயைக் கையை விட்டு எடுக்கக் கூடாது, குச்சியால் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

குடிக்கிற தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். அது போக, கை கழுவ ஒரு 10 லிட்டர் கேன், ஒரு சோப்பு. இந்தக் கேனை மறந்தால் நாளே கெட்டுவிடும். அப்புறம் ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு வாளி, பழைய செய்தித்தாள், இரண்டு பிளாஸ்டிக் கிரேட், கலர் நூல் கொஞ்சம். நூல் எதற்கென்று பிறகு சொல்கிறேன். மதியத்துக்குப் புளிசாதம், தயிர்சாதம், மோர். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த ஒரு டப்பா இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் காரில் ஏற மாட்டார்கள்.

தொரட்டி தோப்பிலேயே இருக்கும். நீள மூங்கில் நுனியில் ஒரு வளையம், வளையத்தில் வலைப்பை, வாயில் ஒரு சின்னக் கத்தி. பெரியவர்களுக்கான தொரட்டி பிள்ளைகளுக்குக் கனக்கும். எங்கள் தோப்பு அண்ணன் உடைந்த மூங்கிலில் ஆறடிக்கு ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறார், அது இப்போது சின்னவனின் சொத்து.

முற்றிய காய் எது

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. செந்தூரா பிஞ்சிலேயே வெயில் பட்ட பக்கம் சிவந்து நிற்கும். பார்க்க வேண்டியது தோளை. பிஞ்சில் காம்பிலிருந்து காய் சரிந்து இறங்கும். முற்றினால் காம்பின் இரண்டு பக்கமும் தோள் புடைத்து மேலே எழும்பி, காம்பு ஒரு குழியில் நிற்கிற மாதிரி இருக்கும். தோல்மேல் மாவு தூவின மாதிரி மெல்லிய பூச்சு படர்ந்திருக்கும். அந்தப் பூச்சைத் துடைக்காதீர்கள், காய்க்கு அதுதான் காவல்.

மரத்தடியையும் பாருங்கள். தானாகப் பழுத்து ஒன்றிரண்டு விழுந்திருந்தால், கிளி கொத்திய காய் கிடந்தால், மரம் பறிப்புக்குத் தயார். அதற்காக அதை எடுத்துத் தின்னக் கூடாது. அணிலோ வௌவாலோ கடித்த பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்கவே விடாதீர்கள். 'அணில் கடிச்சது இனிக்கும்' என்று நாங்கள் சின்ன வயதில் தின்றோம். இப்போது நிபா மாதிரி நோய்கள் வௌவால் வழியாகப் பரவுகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

சந்தேகம் இருந்தால் வாளி இருக்கிறது. தண்ணீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். ஒரு மரத்துக்கு ஒரு காயைச் சோதித்தால் போதும். பெரியவள் ஆறு வயதில் முதல்முறை இதைச் செய்தபோது வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு, காய் அடியில் போய் மெதுவாகத் திரும்பிப் படுக்கிறதைப் பார்த்து, "அம்மா, தூங்குது" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் முற்றிய காய்க்குப் பெயர் தூங்கு மாங்காய்.

பறிக்கிற முறையும் பாலும்

இதில்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாங்காயின் காம்பில், காய்க்குக் கொஞ்சம் மேலே, லேசாகப் புடைத்த ஒரு கணு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அந்தக் கணுவுக்கு மேலே, ஒரு விரல் நீளக் காம்பு காயோடு இருக்கும்படி வெட்டினால் சில துளி கசியும், அவ்வளவுதான். கையால் முறுக்கிப் பிடுங்கினால் கணுவிலோ அதற்குக் கீழேயோ ஒடிந்து, பால் சீறிக்கொண்டு வரும். முதல் சில நொடியில் சீறுகிற பாலில்தான் எண்ணெய்ப் பசை அதிகம், அதுதான் தோலைச் சுடும். காயின் தோலையும் சுடும், நம் தோலையும் சுடும். பிறகு மெதுவாகக் கசிவது அவ்வளவு மோசமில்லை. மாமரம் முந்திரி, சேராங்கொட்டை இவற்றின் குடும்பம் என்று தெரிந்தால் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மூன்றாவது வருடம் அக்கா மகன், அப்போது அவனுக்கு எட்டு வயது, தாழ்ந்த கிளையில் தொங்கிய செந்தூராவை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். காயை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். பால் கண்ணுக்கு ஒரு விரல் கீழே கன்னத்தில் பட்டது. அவன் சட்டைக்கையால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் விளையாடப் போய்விட்டான். இரவு கன்னம் சிவந்தது, மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளம், அப்புறம் கறுத்து உரிந்து சரியாகப் பத்து நாளுக்கு மேல் ஆனது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் அக்காவும் அன்றிரவு தூங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். கையெட்டும் காயைப் பிள்ளைகள் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். ஒரு கையால் காயை அடியில் தாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காம்பை நீளமாக விட்டு வெட்ட வேண்டும். உயரத்தில் இருக்கும் காய்க்குத் தொரட்டி. காய்க்கு நேர் கீழே நிற்காமல் இரண்டடி தள்ளி நின்று, வலைப்பைக்குள் காயை நுழைத்து, காம்பைக் கத்தியில் மாட்டி, ஒரே இழுப்பு. மெல்ல மெல்ல ஆட்டினால் பக்கத்துக் காய்கள் உதிரும். கிளையை உலுக்குவது, கல்லெறிவது இரண்டும் கூடவே கூடாது. கீழே விழுந்து அடிபட்ட காய் மேலுக்கு நன்றாகத்தான் இருக்கும், பழுத்த பிறகு அறுத்தால் உள்ளே தண்ணீர் கோத்துக் கறுத்திருக்கும்.

பால் மேலே பட்டுவிட்டால் துடைக்காதீர்கள், பரவும். உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். பச்சைக் காயை உப்பு மிளகாயோடு தின்பதற்கு முன்னாலும் காம்புப் பக்கத்தை நன்றாக வெட்டி எறிந்து, கழுவிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உதட்டோரம் புண்ணாகும்.

பறித்த காய்களை நிழலுக்குக் கொண்டுபோய், காம்பை அரை அங்குலத்துக்கு நறுக்கி, உடனே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். நறுக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும். எங்கள் தோப்பில் ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கிறது. கயிற்றுச் சந்துகளில் காம்பு கீழே பார்க்கும்படி காய்களை வரிசையாக உட்கார வைத்துவிடுவோம். பால் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழும், காய்த்தோலில் ஒழுகாது. இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். அதுவரை சாப்பாடு, தூக்கம், கதை. கட்டில் இல்லையென்றால் இரண்டு மூங்கிலைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி அதன் இடுக்கில் வைக்கலாம்.

மரம் ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இலைகளைச் சேர்த்து ஒட்டி உருண்டையாகக் கூடு கட்டியிருந்தால் அது முசுறு எறும்பு. கிளையைத் தொட்டாலே நூற்றுக்கணக்கில் இறங்கும். அந்த மரத்தில் ஏறவும் வேண்டாம், கூட்டைக் கலைக்கவும் வேண்டாம். பூச்சிகளைப் பிடித்துத் தின்று மரத்தைக் காக்கிற எறும்பு அது. வேறு மரம் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சாக்கில் கட்டாதீர்கள். கிரேட்டின் அடியில் செய்தித்தாளோ வைக்கோலோ போட்டு இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காமல் கொண்டுவாருங்கள். வழியில் ஓட்டலில் நிறுத்தினால் காரை வெயிலில் விட வேண்டாம். மூடின காரில் காய் வெந்துவிடும்.

பழுக்க வைக்க ஒன்றும் போட வேண்டியதில்லை. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. காய் தானே எத்திலீன் என்ற வாயுவை விட்டுப் பழுக்கும், அதற்கு நேரம் கொடுத்தால் போதும். காற்றோட்டமான அறையில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஒரே அடுக்காக வைத்து, மேலே கொஞ்சம் வைக்கோல் போடுங்கள். முற்றிய காய் ஐந்து முதல் எட்டு நாளில் பழுக்கும். அவசரத்துக்கு நான்கைந்து காயை அரிசி டிரம்முக்குள் புதைத்தால் ஓரிரு நாள் முந்தும், ஆனால் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். பழுக்கிற வரை பிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குளிரில் தோல் கறுத்துப் போகும், அப்புறம் எத்தனை நாள் வெளியில் வைத்தாலும் மணம் வராது.

பழத்தை அறுத்துக் கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தால் பயப்படாதீர்கள். காய் பிஞ்சாக இருக்கும்போதே இடப்பட்ட முட்டையிலிருந்து வளர்ந்த கொட்டை வண்டு அது. நீலத்தில் அடிக்கடி பார்க்கலாம். சதை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். கொட்டையை மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள்.

கொட்டையை நட்டால் மரம் வரும், ஆனால் அதே பழம் வரும் என்று நம்ப முடியாது. நம் ரகங்களில் பெரும்பாலானவை விதையில் தாயைப் போல் வருவதில்லை. அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்க வேண்டும். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூர் முழுக்க மாங்கன்று நர்சரிதான். வரும் வழியில் நாங்கள் ஒரு இமாம் பசந்த் கன்று வாங்கி மாமியார் ஊரில் வைத்திருக்கிறோம்.

சரி, கலர் நூல். பறிக்கும்போது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காயைத் தேர்ந்தெடுத்து, அதன் காம்பில் தங்கள் நிற நூலைக் கட்டிவிடுவார்கள். அந்தக் காய்க்கு மட்டும் காம்பை நறுக்காமல் விட்டுவிடுவோம். அது அவர்களுடைய காய், வைக்கோலைப் புரட்டிப் பார்க்கும் பொறுப்பும் அவர்களுடையது. இந்த வருடம் பெரியவளின் சிவப்பு நூல் ஐந்தாம் நாளே பழுத்துவிட்டது. சின்னவனுடைய பச்சை நூல் மல்கோவா. தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய் அதைக் கையில் எடுத்து, காம்படியில் மூக்கை வைத்து, கண்ணை மூடி இழுத்து, "இன்னும் இல்ல" என்று சொல்லிப் பத்திரமாக வைத்துவிட்டு வருவான். ஒன்பதாம் நாள் காலை அந்த அறையிலிருந்து பாட்டியைத்தான் முதலில் கூப்பிட்டான்.